மாமா படுத்த இடங்கள்

மனதை அமைதியாக வைத்திருக்க ஏழு வழிகள், பத்து வழிகள் என்று என் போனுக்குத் தினமும் ஏதாவது வருகிறது. மூச்சை எண்ணச் சொல்கிறார்கள், வெந்நீர் குடிக்கச் சொல்கிறார்கள். என் மாமா வாசித்தால் சிரிப்பார். அவரிடம் இருந்தது ஒரே வழி. கோபம் வந்தால் படுத்துவிடுவார்.

நிற்கும்போது கோபம் வந்தால் உட்கார வேண்டும், உட்கார்ந்தும் போகாவிட்டால் படுக்க வேண்டும் என்பது எங்கள் மார்க்கத்தில் சொன்னதுதான். ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியும், அவ்வளவுதான். உம்மாவின் தம்பியான இந்த மனிதர் மட்டும் அதைச் செய்தார், அதுவும் நாள் தவறாமல். கருவாட்டு வியாபாரம் கோபத்துக்குக் குறைவில்லாத தொழில். ஒருநாள் சந்தையில் நிறையைப் பற்றி வாய்த்தர்க்கம் முற்றியபோது, பேசிக்கொண்டு நின்றவர் சட்டென்று மணலில் மல்லாந்துவிட்டார். ஊர்க்கழுதை ஒன்று வந்து அவருடைய தொப்பியை மோந்து பார்த்தது. எட்டு வயதுக்காரி நான் பக்கத்தில் நின்று வெட்கத்தில் செத்தேன்.

உம்மா மாமாவின் கோபத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள். உட்கார்ந்ததோடு நின்றால் அது இருந்த கோபம், தேத்தண்ணி கொடுக்கலாம். படுத்த கோபம் என்றால் ஒன்றும் கொடுக்கக்கூடாது, கிட்டவும் போகக்கூடாது.

மாமி இளவயதிலேயே மௌத்தாகிவிட்டார். மாமாவே தலைவாரிவிட்டு வளர்த்த ஒரே மகள்தான் மச்சி. அவள் மருத்துவமாது. ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைத்தாச்சிகளைப் பார்ப்பாள். அவளைப் பெண் பேசி, பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையை மச்சிக்குப் பிடித்திருந்தது. அவருடைய படம் அவள் போனில் இருந்ததை நான் கண்டுபிடித்து, அதை யாருக்கும் சொல்லாமலிருக்க டொபி வாங்கித் தின்றவள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. திகதி குறிக்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியவாப்பா கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "கலியாணத்துக்குப் பிறகு ஸ்கூட்டி ஓட்டமெல்லாம் சரிவராது. தாயில்லாத புள்ள, ரோட்டுல வளந்திட்டுது. நாங்க திருத்தி எடுக்கிறம்."

மாமா கதிரையை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். குசினி வாசலில் உம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அடுத்து அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வந்தவர்களின் கால்களுக்கு நடுவே நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார்.

அவர்கள் மாரடைப்பு என்று நினைத்தார்கள். ஒருவர் தண்ணீருக்கு ஓடினார், இன்னொருவர் வேனை எடுக்கச் சொன்னார். பெரியவாப்பாவே குனிந்து விசிறத் தொடங்கினார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாமாக்கு ஒண்டுமில்ல. உங்களோடதான் கோவம்," என்றேன்.

உம்மா என்னைக் கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது.

"ஓம்," என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே. "சரியான கோவம். கொஞ்சம் பொறுங்கோ."

பொறுத்தார்கள். படுத்திருக்கும் மனிதரோடு யார் சண்டை பிடிப்பது? கொஞ்ச நேரத்தில் மாமா எழுந்து உட்கார்ந்தார். தொழுதுவிட்டு வந்தவரைப் போல முகம் தெளிந்திருந்தது. குசினித் திரையைப் பார்த்து, "மகள், நீ சொல்லு," என்றார்.

"என்னை எதிர்பாத்துக்கொண்டு கனபேர் இருக்காங்க வாப்பா. ஸ்கூட்டிய விட ஏலாது," என்று திரைக்குப் பின்னால் மச்சியின் குரல் வந்தது.

மாமா பெரியவாப்பாவின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்கதானே. எண்ட மகள்ற சொல்லுதான் எண்ட சொல்லும். சோறு ஆறுது, வாங்கோ."

எங்கள் விருந்தில் ஒரு பெரிய சஹனைச் சுற்றியிருந்து எல்லோரும் அதிலேயே கைவைத்துச் சாப்பிடுவோம். மாமா பெரியவாப்பாவைத் தன் சஹனிலேயே இருத்தி, நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்துப் பார்த்து அவர் பக்கம் தள்ளினார். அந்த மனிதர் தலை நிமிராமல் சாப்பிட்டார். என் மாமாவைப் போல ஓர் ஆண்பிள்ளையை நான் இன்றுவரை கண்டதில்லை.

என் கணக்குப்படி எல்லாம் சரி. மாமா எழும்பிவிட்டார், கோபம் போய்விட்டது, இனிக் கலியாணம்தான். எனக்குத் தைத்த சட்டையை இரண்டாம் தடவை போட்டுப் பார்த்தேன். வேன் போனது. பிறகு வரவேயில்லை.

வேன் போன அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்த மாமா மறுபடியும் அதே பாயில் படுத்தார். வீட்டில் வெளியாட்கள் ஒருவரும் இல்லை, திட்டியவரும் இல்லை.

"இன்னும் கோவமா மாமா?" என்று கேட்டேன்.

"ஓம் மகள்," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சஹன்களைக் கழுவிவிட்டு வந்த மச்சி, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் படுத்தாள். அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

நான் குசினிக்கு ஓடினேன். "உம்மா, மச்சிக்கும் படுத்த கோவம். கிட்டப் போகாதீங்க," என்றேன்.

உம்மா இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள். தான் போட்ட சட்டத்தை உம்மாவே மறந்துவிட்டாள் என்றுதான் அப்போது நான் நினைத்தேன்.