ஒரு சமக்குறி குறைந்த பட்டியல்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். கொல்கத்தாவில் டாக்குரியாவில் குடியிருந்தோம். நான் பாலிகஞ்சில் ஒரு சின்ன கம்பெனியில் வெப்சைட் எழுதப் பழகிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெரு கிளப் அடிக்கடி ரத்ததான முகாம் நடத்தும். கொடுப்பவர்களின் பட்டியலை இணையத்தில் போட்டுத் தருகிறேன் என்று நானே முன்வந்தேன். வேண்டிய ரத்தப் பிரிவைச் சொன்னால் அந்தப் பிரிவுக்காரர்களின் பெயரும் போன் நம்பரும் வரும். பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதினேன். பெயர்கள் வந்தன; அது போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. கீழ்வீட்டு பௌதிக்கு (அண்ணியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்; அண்ணன் என்றால் தாதா) பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. பி நெகட்டிவ் வேண்டும், பிளட் பேங்கில் கையிருப்பு இல்லை என்று அவர் கணவர் காலையில் ஆபீஸுக்குப் போன் செய்தார். பட்டியலைத் திறந்தேன். பக்கம் பக்கமாகப் பெயர்கள்! அரிதான பிரிவில் இத்தனை பேரா என்று சந்தேகம் வரவில்லை, பெருமைதான் வந்தது. நான்கு பேரைக் கூப்பிட்டேன். "ரத்தம் வேணும்" என்றதுமே பிரிவைக்கூடக் கேட்காமல் கிளம்பினார்கள். நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஒரு மணி நேரம் கழித்து பிளட் பேங்க் பெண் வெளியே வந்தார். "நாலு பேர்ல ஒருத்தர்கூட பி நெகட்டிவ் இல்ல. யார் குடுத்த லிஸ்ட் இது?"

எதிரே இருந்த சைபர் கஃபேயில் நுழைந்து நான் எழுதியதைத் திறந்தேன். கேட்ட பிரிவும் ஆளின் பிரிவும் ஒன்றா என்று ஒப்பிட இரண்டு சமக்குறி வேண்டும். நான் ஒன்றுதான் போட்டிருந்தேன். அது ஒப்பிடாது, கேட்ட பிரிவையே எல்லார் பெயருக்கும் நேராக எழுதிவிடும். இன்னொன்றைச் சேர்த்தேன். மிஞ்சியது இரண்டே பெயர்.

முதல் நம்பரை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது ஜாதவ்பூரில் ஒரு பேராசிரியை. "வகுப்புல இருக்காங்க" என்றார் எடுத்தவர். "ஒரு உயிர்ங்க, கூப்பிடுங்க" என்று கத்தினேன். பேராசிரியை வந்து சேரும்வரை வாசலையே பார்த்து நின்றேன். பௌதிக்கு ஏதாவது ஆனால் கொன்றது நான்தான் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அவர் கொடுத்த ரத்தம் ஏறியபின், சாயங்காலம், ஆபத்து நீங்கியது என்றார் டாக்டர். பௌதியின் கணவரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார்:

"இதே லிஸ்ட் வேற யார் கையில இருக்கு?"

"கிளப்காரங்க ரெண்டு நர்சிங் ஹோமுக்கு பிரிண்ட் எடுத்துக் குடுத்திருக்காங்க, தாதா."

"அழறதை அப்புறம் வெச்சுக்கோ. வா, முதல்ல அதைத் திரும்ப வாங்கலாம்."

பௌதிக்குத் துணையாகத் தன் தம்பியை அங்கே உட்காரவைத்துவிட்டு என்னோடு டாக்ஸியில் ஏறினார்.

இன்றும் நான் எழுதிய புரோகிராம் முதல் தடவையே ஒழுங்காக ஓடிவிட்டால் பயந்துபோய் ஒவ்வொரு வரியாகத் திரும்பப் படிக்கிறேன். அந்தப் பயம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் ஆசைப்படுகிறேன்.