ஒரு விரலில் போட்ட ஊசி

எங்கள் கோயிலில் நற்கருணை கொடுக்க இரண்டு வரிசை. நடுவில் சுவாமியார் நிற்பார், இடப்பக்கம் நான். ஏழு வருடமாக அது என் இடம். வீட்டிலும் வேலை செய்கிற கந்தோரிலும் என் பேச்சை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. அங்கே மட்டும்தான் சனம் வாய் திறக்காமல் என் முன்னால் கை நீட்டி நிற்கும். அதனால் என் வரிசை மெலியத் தொடங்கியது எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. சுவாமியாரின் வரிசை வாசல்வரை போனது. எனக்கு மிஞ்சியது கண் மங்கிய நாலு கிழடுகள்.

குற்றம் என் விரல்களில். வலது கைப் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும், அதாவது அப்பத்தைப் பிடிக்கிற அதே இரண்டிலும், நகத்தைச் சுற்றிப் பாலுண்ணி. இடது கையில் இன்னும் மூன்று. நகம் கடிக்கிற பழக்கம் எனக்கு. ஒன்றை ஐந்தாக்கியது என் பல்தான் என்று பிறகு தெரிந்தது. சுண்ணாம்பு பூசினேன், பப்பாசிப் பால் தடவினேன். தோல் வெந்தது, பாலுண்ணி கொழுத்தது.

கடைசியில் தோல் டொக்டரிடம் போனேன். என் மகள் வயதுப் பெண்.

“சுட்டும் எடுக்கலாம் ஐயா. ஆனா நகத்தடியில கிடக்கு, நகம் பழுதாகும். ஊசி போட்டுப் பாப்பம்.”

“என்ன ஊசி?”

“சின்னமுத்து, கன்னம் வீங்கிற கூகைக்கட்டு வராமல் பிள்ளையளுக்குப் போடுறது. பாலுண்ணிக்குள்ள போட்டா உடம்பு முழிச்சு அதோட சண்டை பிடிக்கும்.”

“எனக்கு அம்பத்திரண்டு வயசு, டொக்டர்.”

“பாலுண்ணிக்கு அது தெரியாது ஐயா.”

வேறு வருத்தம் உண்டோ, என்ன மருந்து எடுக்கிறேன் என்றெல்லாம் விசாரித்தபிறகு பெருவிரலில் ஊசியை ஏற்றினார். நான் எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன். இன்னும் புனிதர் பட்டம் கிடைக்காமல் காத்திருப்பவர்களையும் விடவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“மற்ற நாலும்?”

“இது ஒண்டு காணும். மற்றதுகளையும் உடம்பே பாத்துக்கொள்ளும்.”

அதற்குப் பிறகும் அவர் ஏதோ சொன்னார், துண்டில் எழுதியும் தந்தார். நான் விரலைப் பிடித்துக்கொண்டு குழம்பிப்போய் இருந்தேன். கீரிக் கிராமத்தில் ஒருவனைப் பொலிஸ் பிடித்தால் தலைமன்னாரில் இருக்கிறவன் ஏன் ஊரைவிட்டு ஓட வேண்டும்? வீடு வரும்வரை இதே யோசனை.

அடுத்த நாள் காலையில் காய்ச்சல். மனைவி பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்விட்டாள். தனியே கிடந்து கணக்குப் பார்த்தேன். போட்டது சின்னமுத்து ஊசி, வந்தது காய்ச்சல், ஆகவே இது சின்னமுத்து. கண்ணாடியில் பார்த்தால் நெஞ்சில் ஐந்து சிவப்புப் பொட்டுகள். நாலு நுளம்புக் கடி, ஐந்தாவது பிறந்த நாள் தொட்டு இருக்கிற மச்சம் என்பது பின்னர் தெளிந்த விஷயம்.

எங்கள் ஒழுங்கையில் வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதமெல்லாம் பூசைக்குத்தான். சின்னமுத்து, கொப்பளிப்பான் வந்தால் எல்லா வீட்டு வாசல் படலையிலும் வேப்பிலை தொங்கும். நானும் ஒரு கொப்பை முறித்துப் படலையில் கட்டினேன். கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து, வேப்பிலை பரப்பி, செபமாலையோடு படுத்தேன். மீன்காரனின் மோட்டார்சைக்கிள் கோன் அடித்தபடி வந்து, படலையடியில் அடங்கி, ஓசையில்லாமல் கடந்து போனது. மத்தியானத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது.

மனைவி வந்து படலையைப் பார்த்தாள்.

“ஆருக்கு?”

“எனக்கு. கிட்ட வராத.”

மேசையில் கிடந்த துண்டை எடுத்து வாசித்தாள். “ஒரு நாள், ரெண்டு நாள் காய்ச்சல் வரலாம். பயப்பட வேண்டாம், பனடோல் போடுங்கோ. எழுதியெல்லோ தந்திருக்கு. உங்களுக்கு வாசிக்கத் தெரியாதோ?”

“நான் விரலைப் பாத்துக்கொண்டிருந்தனான்.”

“மீன் வாங்கினீங்களோ?”

“அவன் நிக்கேல்ல.”

“வேப்பிலையக் கட்டினா நிப்பானோ? எழும்புங்கோ, முதுகெல்லாம் இலை ஒட்டிக் கிடக்கு.”

அந்தக் கிழமை சுவாமியாரிடம் போய், விரல் சுகமாகும்வரை விலகி நிற்கிறேன் என்றேன். “நானே எப்பிடிக் கேக்கிறதெண்டு யோசிச்சனான். நீர் முந்தீட்டீர்” என்றார். அவருடைய நிம்மதி எனக்கு நல்லாக வலித்தது.

மூன்று கிழமைக்கு ஒருமுறை ஊசி. ஒவ்வொரு முறையும் அதே பெருவிரல். மூன்றாவதற்குப் பிறகு ஒரு நாள் முகம் கழுவும்போது இடது கைச் சின்னவிரலில் இருந்த பாலுண்ணி உதிர்ந்து போனது. ஊசியையே காணாத விரல். பிறகுதான் பெருவிரல் கறுத்துச் சுருங்கியது, மற்றவையும் ஒவ்வொன்றாய்ப் போயின. டொக்டர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எல்லாருக்கும் இப்பிடிச் சரிவராது ஐயா. உங்களுக்கு வந்திருக்கு. இனி நகத்தைக் கடிக்காதேங்கோ.” எப்படி வந்தது என்று இரண்டு தரம் விளக்கினார். இரண்டு தரமும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். இன்றைக்கும் விளங்கவில்லை.

மறுபடி என் இடத்தில் நின்ற ஞாயிறு, பிறந்த குழந்தையின் விரல்போல இருந்த என் விரல்களை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மூன்றாம் வாங்கிலிருந்து எழும்பிய சனம் அப்படியே சுவாமியார் பக்கம் திரும்பியது. முன்வாங்கில் ஒரு தாய் பிள்ளையை இழுத்துப் பிடித்து, “அங்கால போ, உவையின்ர வீட்டில சின்னமுத்து” என்று சொன்னது காதில் விழுந்தது. பாலுண்ணியை விரட்டியாயிற்று, வேப்பிலைக்கு எந்த டொக்டரிடம் போவது? பாத்திரத்தைப் பிடித்தபடி, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அப்போது மீன்காரன் சுவாமியாரின் வரிசையை விட்டு விலகி என் முன்னால் வந்தான். என் விரல்களை நல்லாக உற்றுப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். ஐஸ் தண்ணீரில் ஊறி வெளிறிய விரல்கள். நகத்தைச் சுற்றி எனக்கு இருந்ததைவிடப் பெரிய பாலுண்ணிகள்.

“கிறிஸ்துவின் திருவுடல்.”

“ஆமென்” என்றவன் நகரவில்லை. அப்பத்தை வாயில் போட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டான். “எந்த விரலில போட்டவை, அண்ணை?”

மீன் வாங்கும்போது என் மனைவி ஊசிக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில் இதற்கு என்ன மறுமொழி என்று ஒரு பூசைப் புத்தகத்திலும் இல்லை. பெருவிரலைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி கை நீட்டி நின்றாள்.