ஹண்டர் வாலில் ஒரு ஒட்டு

புதிதாக வந்த சாமானைப் பழசாக்கித் திருப்பிக் கொடுப்பதற்கென்று ஒரு தொழில் இருக்கிறது. குன்னூரில் அதை நான்தான் செய்கிறேன். ரிமோட்டில் பறக்கிற போர் விமான மாடல்கள் இப்போது ரெடிமேடாகப் பெட்டியில் வந்துவிடுகின்றன. இறக்கையைச் சொருகி பேட்டரியை மாட்டினால் பறக்கும். ஆனால் அசலைப் போல இருக்காது. ரெடிமேட் ஜாக்கெட் மாதிரிதான், யாருக்கோ அளவெடுத்து யாருக்கோ தைத்தது. அதைப் பிரித்து, தேய்த்து, பூசி, அசல் விமானத்தின் ஜாடைக்குக் கொண்டுவருவது என் வேலை. கணவரின் பொழுதுபோக்குக்குச் சாப்பாட்டு மேஜையைப் பறிகொடுத்த சகோதரிகள் யாராவது இதைப் படித்தால் ஆறுதலுக்குச் சொல்கிறேன்: நானும் மேஜையை மீட்கவில்லை, எதிரியோடு சேர்ந்துகொண்டேன்.

ஐந்தா, ஆறா

எங்கள் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவர். ரிடையரான மறுமாதமே ஒரு ஸ்பிட்ஃபயர் விமானம் பெட்டியில் வந்து மேஜையில் இறங்கியது. நான் அதே மேஜையின் மறுபக்கம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் விரித்து வைத்திருந்த புத்தகத்தில் அசல் விமானத்தின் போட்டோ. மூக்கின் ஓரத்தில் புகைக்குழாய்கள் ஆறு. மாடலில் ஐந்து. சொன்னேன். "ஆகாசத்துல போறதை எவன் எண்ணப் போறான்" என்றார்.

கான்வென்ட்டில் பத்து வருஷம் சிஸ்டர்மாரின் சிவப்பு மையில் வளர்ந்தவள் நான். தப்பு கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. மறுநாள் அவர் நடைப்பயிற்சிக்குப் போன நேரத்தில் ஐந்தையும் பிடுங்கிவிட்டு, ஜூஸ் குழலை வெட்டி ஆறு குழாய் செய்து ஒட்டி, துருப்பிடித்த நிறமும் அடித்து வைத்தேன். திரும்பி வந்தவர் புத்தகத்தையும் விமானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்னையும் இப்படித்தான் முப்பது வருஷமா எண்ணிக்கிட்டிருக்கியா?"

குண்டடி

என் முதல் வாடிக்கையாளர் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற சுந்தரம் சார். எங்கள் ஸ்பிட்ஃபயரைப் பார்த்து ஆசைப்பட்டு, தன்னுடைய மஸ்டாங் விமானத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். இறக்கையில் இருந்த நட்சத்திரம் அளவில் பெரியது. அதை அழித்துவிட்டுச் சின்னதாக வரைய வேண்டும், அவ்வளவுதான். பெயிண்ட்டை அழிக்க என்னிடம் இருந்தது நகப்பூச்சு ரிமூவர். பஞ்சில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

இந்த விமானங்களின் உடம்பு தெர்மாகோலுக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று எனக்கு அப்போது தெரியாது. நட்சத்திரம் போயிற்று. அதோடு இறக்கையும் சூடான தோசைக்கல்லில் விழுந்த வெண்ணெய் போல உள்வாங்கி, அடிப்பக்கம் வரை ஒரு ஓட்டை. பள்ளிக்கூடத்தில் கூட இப்படி ஒரு குற்றத்தோடு நான் யார் முன்னாலும் நின்றதில்லை. சுந்தரம் சார் ஓட்டை வழியாக என் மேஜை விரிப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போர் விமானந்தானுங்களே. குண்டு பட்டுதுன்னு சொல்லிக்கலாம்."

கேத்தியிலிருந்து ஒருவர்

இனி சொல்லப்போவதெல்லாம் ஒரே விமானத்தால் வந்தது.

கேத்தியில் கேரட் போடுகிற ஆரோக்கியசாமி அங்கிளுக்கு எழுபத்தேழு வயது. இளமையில் விமானப்படையில் ஃபிட்டர். விமானத்தின் உடம்பில் அடிபட்டால் தகடு வைத்துத் தைக்கிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாளுக்கு மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு ஹண்டர் ஜெட் மாடலை அனுப்பியிருந்தான். ஏதோ ஒரு நாட்டின் சின்னம், ஏதோ ஒரு நிறம். அதை, தான் பார்த்துக்கொண்ட அதே ஹண்டராக மாற்றித் தர வேண்டும் என்றார். பச்சையும் சாம்பலும் எங்கெங்கே வரும் என்று ஒரு நோட்டுத் தாளில் வரைந்தே கொண்டுவந்திருந்தார். வாலுக்குக் கீழே, இடப்பக்கம், ஒரு வட்டம் போட்டிருந்தது. "ரன்வேயில எகிறுன கல்லு பட்டு ஓட்டையாயிருச்சுங்க. நான் போட்ட ஒட்டு. நெஜத்துல தட்டு அளவு, இதுல கோட்டுப் பித்தான் அளவு வரும். அது மட்டும் விட்டுராதீங்க அம்மிணி" என்றார். ஒட்டைப் பற்றி வேறெதுவும் சொல்லாமல் பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

அவசரம் என்னவென்றால், அந்த ஹண்டரை ஓட்டிய விமானப்படை அதிகாரி, குரூப் கேப்டன், தன் பேத்தி கல்யாணத்துக்காகக் குன்னூர் வருகிறார். பார்த்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். "விமான நம்பரெல்லாம் எனக்குத்தான் நெனப்பு, அவரு தினம் ஒண்ணு ஓட்டுனவரு. நான் வாயத் தொறக்க மாட்டனுங்க. அவரே பாத்து, இது நம்முளுதுன்னு சொல்லோணும்." அதுவரை நான் போட்டோவைப் பார்த்துத் திருத்தியவள். இந்த முறை திருத்தப்போகிறவர்கள் அசலைத் தொட்டவர்கள். தைரியத்தைக் காட்டிக்கொள்ள, "முதலில் இந்தக் கோடுகளை அடைக்க வேண்டும் அங்கிள்" என்றேன். தகடும் தகடும் சேருகிற இடம் அசலில் மயிரிழை போல இருக்கும். ரெடிமேடில் வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை ஓட்டினார். "இதுல கேரட்டே வெதைக்கலாம் போலிருக்குதுங்க."

மருதாணி

வாய்க்காலையெல்லாம் சுவர்ப் பட்டி பூசித் தூர்த்து, உப்புத்தாள் போட்டு இழைத்தேன். அடுத்தது ரிவெட், தகடுகளைப் பிடித்து நிறுத்துகிற ஆணிகளின் தலைகள். மருதாணி கோனில் வெள்ளைப் பசையை நிரப்பிப் புள்ளி வைத்தால், காய்ந்ததும் சுருங்கி, தெரிந்தும் தெரியாமல் நிற்கும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. மார்க்கெட்டில் ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போய், காலிக் கோன் இருபது கேட்டேன்.

"கல்யாணமுங்களா அக்கா?" என்றது கவுண்ட்டரில் இருந்த பெண். எனக்கு விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லை. "விமானத்துக்கும்மா" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "மாப்பிள்ளை ஏர்ஃபோர்ஸுங்களா? அப்ப டிசைன் நல்லாக் கனமாவே போடுங்கக்கா."

நிறுவை

கனம்தான் எங்கள் வீட்டில் சண்டை. மலை மேலே காற்று லேசு. கீழே கோயமுத்தூரில் ஜம்மென்று ஏறுகிற விமானம் இங்கே மூச்சு வாங்கும். அதனால் நான் பூசுகிற ஒவ்வொரு பூச்சையும் எங்கள் வீட்டுக்காரர் சமையலறைத் தராசில் வைத்து நிறுப்பார். பெயிண்ட்டில் பின்பக்கம் கனத்துவிட்டது என்று மூக்குக்குள் என் தையல் மெஷினின் பாபின் நான்கைப் போட்டு ஒட்டினார். என்னைக் கேட்கவில்லை.

மஞ்சூர் போகிற வழியில் ஒரு எஸ்டேட்டின் ஃபுட்பால் மைதானத்தில், மேனேஜரிடம் அனுமதி வாங்கிப் பறக்க விடுவது வழக்கம். சோதனைக்குப் போன அன்று ஹண்டர் நன்றாகத்தான் ஏறியது. மூன்றாவது சுற்றில் பனிமூட்டம் வந்து மூடியது. இவர் பதறி இறக்கியதில் மைதானத்தைத் தாண்டித் தேயிலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அரைமணி நேரம் தேடினோம். கடைசியில் முத்துலெட்சுமி என்று ஒரு கொழுந்து பறிக்கிற அம்மா, வரிசை முடிந்து வந்தவர், இறக்கையைத் தனியாகக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு கீறல் இல்லை. "நிறுக்கிற எடத்துல கூடையோட வெச்சுட்டாங்கம்மா. இன்னைக்கு எனக்குக் கொழுந்து ஒன்றரைக் கிலோ கூட."

சுத்தம்

அசல் விமானம் பளபளவென்று இருக்காது. துப்பாக்கி வாயில் கரி, சக்கரத்தருகே எண்ணெய், ஏறி இறங்குகிற இடத்தில் பூட்ஸ் தேய்ந்த தடம். இந்த அழுக்கைப் போடுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை. கண்மையும் கரித்தூளும் சுண்ணக்கட்டித் தூளும் வைத்து, நான்கு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹண்டரை அழுக்காக்கினேன். ஆரோக்கியசாமி அங்கிள் தாளில் குறித்திருந்த எண்ணெய்க் கசிவைக் கூட விடவில்லை. வியாழக்கிழமை முடித்து, காயட்டும் என்று பின்கட்டில் வைத்துவிட்டு மார்க்கெட் போனேன். ஞாயிற்றுக்கிழமை குரூப் கேப்டன் வருகிறார்.

திரும்பி வந்தால் துணி காயப்போடுகிற கம்பிக்குக் கீழே, வெயிலில், கழுவிக் கவிழ்த்த குண்டா போல ஹண்டர் மின்னுகிறது. வீட்டு வேலைக்கு வருகிற செல்வி பக்கத்தில் பெருமையோடு நிற்கிறாள். இரண்டு இடத்தில் பெயிண்ட்டே உரிந்திருந்தது. ஆறு வருஷமாக எத்தனை தடவை குக்கர் அடியைத் தேய்க்கச் சொல்லியிருப்பேன், ஒரு நாளாவது இந்தப் பளபளப்பு வந்ததுண்டா? மார்க்கெட் பையைக் கீழே வைத்தேன். அவளே பேசினாள். "கரி புடிச்சு எத்தனை நாளாச்சோங்க, எனக்கே வெக்கமாப் போச்சு. தேங்கா நாரு போட்டுத் தேச்சப்பறந்தான் விட்டுதுங்க."

ஒட்டு

வெள்ளி, சனி இரண்டு நாளும் வீட்டில் உப்புமாதான். உரிந்த இடம் பூசி, அழுக்கு மறுபடி ஏற்றி, அந்தத் தேய்ப்பில் போன ஒட்டையும் புதிதாகப் போட்டேன். கான்வென்ட்டில் தையல் வகுப்பின் முதல் பாடம்: ஒட்டுப் போட்டால் ஒட்டு தெரியக் கூடாது. தெரிந்தால் சிஸ்டர் பிரித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார். எனவே மெல்லிய தகடு ஒட்டி, விளிம்பைப் பட்டி பூசி மழுக்கி, சுற்றியிருக்கிற பச்சையோடு சேரும் வரை மூன்று தடவை நிறம் கலந்தேன். கடைசியில் எனக்கே தேட வேண்டியிருந்தது. ரொம்பத் திருப்தி.

ஞாயிறு காலை மைதானத்தில் அங்கிள் சீக்கிரமே வந்து, கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். மூக்கிலிருந்து தொடங்கி மெல்லத் தடவிக்கொண்டே போனார். துப்பாக்கி வாயில் தலையாட்டினார். எண்ணெய்க் கசிவைப் பார்த்துச் சிரித்தார். வாலுக்கு வந்ததும் விரல் நின்றது. முன்னால் போயிற்று, பின்னால் வந்தது. "ஒட்டு எங்கீங்க அம்மிணி?" இருக்கிறது அங்கிள், தெரியாதபடி போட்டிருக்கிறேன் என்றேன், மார்க்குக்கு நோட்டை நீட்டுகிறவள் போல. அவர் விரலை எடுத்துக்கொண்டார். பிறகு கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் போட்டது தெரிஞ்சுதுங்க."

கேட் பச்சை

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஒட்டுப் போட்ட அன்று விமானப்படை ஸ்டோரில் சரியான பச்சை தீர்ந்துபோயிருந்ததாம். விமானம் காலையில் பறக்க வேண்டும். கிடைத்த பச்சையை அடித்துவிட்டார். கிளிப்பச்சை. அடுத்த ஒரு வருஷம் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். அந்த வெட்கத்தில்தான் என்னிடம் நிறத்தைச் சொல்லவில்லை. ஒட்டு என்று சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டார். தெரியாத ஒட்டு என்று ஒன்று இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

பதினொரு மணிக்கு குரூப் கேப்டன். என் பெயிண்ட் பெட்டி குன்னூரில். எங்கள் வீட்டுக்காரர்தான் மைதானத்தின் கேட்டைக் காட்டினார். போன வாரம் பூசியது, பார்த்தாலே கண் கூசுகிற பச்சை. வாட்ச்மேனிடம் டப்பாவின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தேயிலைப் பாக்கெட்டின் உள்தாளைக் கோட்டுப் பித்தான் அளவுக்கு வெட்டி, விளிம்பு தூக்கலாகத் தெரிகிற மாதிரி ஒட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை வேண்டுமென்றே மோசமாகச் செய்தேன், கை கூசியது. பெயிண்ட்டை மட்டும், "நானே வெச்சுர்ரனுங்க" என்று அங்கிள் ஆள்காட்டி விரலால் தொட்டுப் பூசினார்.

குரூப் கேப்டன் ஊன்றுகோலோடு வந்தார். கும்பகோணத்துக்காரர், பேசுவது இங்கிலீஷ், திட்டுவது தமிழ் என்று அங்கிள் முன்பே சொல்லியிருந்தார். கட்டிப்பிடித்து, முதுகில் தட்டி, குசலம் விசாரித்த பிறகு விமானத்திடம் வந்தார். "ஹண்டர். வெரி நைஸ், வெரி நைஸ்" என்றார், பக்கத்து வீட்டுக் குழந்தை வரைந்த படத்தைப் பார்க்கிறவர் போல. அங்கிள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொன்ன வாக்குப்படி வாயைத் திறக்காமல் பரேடில் நிற்பது போல நின்றார். ஆள்காட்டி விரல் மட்டும் பச்சை. பெரியவர் மூக்கைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார், என் ரிவெட் ஒன்றையும் பார்க்கவில்லை. சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார். நின்றார். ஊன்றுகோலை மறுகைக்கு மாற்றிக்கொண்டு மெதுவாகக் குனிந்து, வாலுக்குக் கீழே விரல் வைத்தார். ஈரம் விரலில் ஒட்டியது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டேய் சாமி, ஸ்டோர்ல சரியான பச்சை இன்னுமாடா வரலை?"

அன்றிலிருந்து யார் விமானம் கொண்டுவந்தாலும், எதைத் திருத்த வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், எதைத் தப்பாகவே விட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக்காரரும் தன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.