பெற்றிசியாவின் கழுதைகள்

பெற்றிசியா விலங்கியல் படிக்க யாழ்ப்பாணம் போனபோது அவளுடைய ஊரான தாழ்வுபாடே பெருமைப்பட்டது. படித்துவிட்டுக் கழுதைகளுக்குப் பின்னால் திரிய வந்தபோது, அந்தப் பெருமை கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாயிற்று. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. மன்னார் வீதிகளில் கேட்பாரற்று அலையும் கழுதைகளில் எது எதோடு கூடித் திரிகிறது, தாயும் குட்டியும் எப்போது பிரிகின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்களே, அதை நம்பி இடிந்த சுவரடியெல்லாம் தேடிப் போனாள்.

ஒவ்வொன்றின் தொடையிலும் ஒவ்வொரு நிறத்தில் பெயின்ற் பூசியிருந்தாள். ஒரு வருட வேலையும் அந்த அடையாளத்தில்தான் நின்றது. திங்கட்கிழமை பேராசிரியர் சிவராசா வருகிறார். எந்தக் குட்டிக்கு எது தாய் என்று நேரில் காட்டாவிட்டால் ஆராய்ச்சி அதோடு சரி.

அதற்கு முதல்நாள் குருத்தோலை ஞாயிறு. ஆண்டவர் கழுதையில் எருசலேம் போன நினைவாகப் பவனிக்கு ஒரு கழுதை வேண்டும். கோயில் வேலைகளைப் பார்க்கும் கிறகரி ஒன்றோடு நிற்கவில்லை. ஒரு கூட்டத்தையே பிடித்துக் கட்டி, மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார்.

“ஆரோ பெடியள் பெயின்ற் பூசிப் பழுதாக்கிப்போட்டாங்கள், பிள்ளை. ஆண்டவரைச் சுமந்த சாதியெல்லோ,” என்றார்.

தொடைகளில் பூசிய நிறம் ஒரு பொட்டும் மிஞ்சவில்லை. பெற்றிசியாவுக்கு அழவும் வேண்டும்போல, அவரைக் கடிக்கவும் வேண்டும்போல இருந்தது. கழுதைக்கு எங்கே தெரியும் கற்பூர வாசனை? பவனிக்குப் பிடித்த கழுதை சாம்பிராணிப் புகைக்குள்ளும் தன் பாட்டுக்கு நடந்தது. கிறகரி அதன் முதுகைத் தடவி, “பாருங்கோ, சிலுவை. ஆண்டவர் தந்தது,” என்று பக்கத்தில் வந்தவர்களுக்குக் காட்டினார்.

முதுகு நீளத்துக்கும் தோளுக்குக் குறுக்கேயும் ஓடும் அந்தக் கறுப்புக் கோடுகளைப் பெற்றிசியா சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள். குளித்த முதுகில் அவை இன்று பளிச்சென்றிருந்தன. இதன் சிலுவைக்கு இடது கை கட்டை. கோயில் வாசலில் கட்டியிருந்தவற்றைத் திரும்பிப் போய்ப் பார்த்தாள். ஒன்றின் கை நுனியில் பிளந்திருந்தது, இன்னொன்றில் நடுவில் அறுந்திருந்தது. ஒன்றைப் போல ஒன்றில்லை. பெயின்ற் நிறம் தெரிய எடுத்து வைத்திருந்த தன் பழைய படங்களோடு ஒப்பிட்டபோது எல்லாக் கழுதைகளும் திரும்பக் கிடைத்தன.

திங்கட்கிழமை சிவராசா குடையோடு வந்தார்.

“அடையாளம் எங்கை?”

“கழுவியாச்சு, சேர். தேவையில்லை. இந்தக் குட்டிக்குத் தாய் அந்தச் சுவரடியில நிக்கிறது.”

குட்டியோ வேறொரு கழுதையை உரசிக்கொண்டு நின்றது. பேராசிரியர் சிரித்தார்.

“பொறுங்கோ சேர், பசிக்கட்டும்.”

வெயிலில் நின்றார்கள். குட்டி தலையை உயர்த்தியது. பக்கத்தில் நின்றதை விட்டுவிட்டு நேரே சுவரடிக்குப் போய், அந்த வயிற்றின் கீழ் முகத்தை நுழைத்தது.

சிவராசா குடையை மடக்கினார். “மற்றதுகளையும் காட்டும்,” என்றார்.