ஐம்பது நிமிடம் நான் போடாத மருந்து

அறுத்த கேழ்வரகுத் தாளின் பச்சை வாசனை... அவள் சேலை முழுக்க அதுதான். ஸ்பிரிட் நெடியையும் மீறி அறையெங்கும் வீசியது.

அஞ்செட்டியைத் தாண்டி, காட்டை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த காலம். ஒரு டாக்டர், நான், உதவிக்கு ஓர் அக்கா. டாக்டர் மீட்டிங்குக்குக் கிருஷ்ணகிரி போய்விட்டால், அவர் திரும்பும்வரை எல்லாம் நான்தான்.

செல்போனில் சிக்னல் வேண்டுமென்றால் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏற வேண்டும்.

அவள் அங்கே வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, வயிற்றுப்போக்கில் துவண்டு வந்த ஒரு குழந்தைக்கு, டாக்டர் இல்லாதபோது நானாகவே டிரிப் ஏற்றினேன். குழந்தை பிழைத்தது. எனக்கு மெமோ வந்தது.

"யார் ஆர்டர்ல போட்டீங்க?" என்று மேலதிகாரி கேட்டார்.

இனி டாக்டர் உத்தரவு இல்லாமல் எதுவும் ஏற்ற மாட்டேன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

அப்புறம்தான் மாதம்மா வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். பால் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த அவள் கணவர் சிவண்ணாவுக்கு மூச்சு வாங்கியது.

"அறுக்கறப்ப கையில கொத்திடுச்சிங்க நர்சம்மா. படம் எடுத்துச்சு, நான் பாத்தேன்," என்றார்.

நல்ல பாம்பு. அவளோ தெளிவாகத்தான் பேசினாள்... "பாப்பாவ மாமியார்கிட்ட உட்டுட்டு வந்தேங்க. பால் குடிக்கற நேரம்... சீக்கிரம் அனுப்பிடுவீங்களா?"

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இமைகள் இறங்கின. "கண்ணு தொறக்க வரலீங்க," என்றாள்.

விஷம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. எனக்குத் தெரியும். முறிவு மருந்து பத்து குப்பி ஃபிரிட்ஜில் இருந்தது. ஆனால் அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கு ஆபத்தாகிவிடும்... அதனால் டாக்டர் சொன்னால்தான் ஏற்றலாம்.

கடிபடாத கையில் ஊசி குத்தி, சலைனை மட்டும் தயாராக மாட்டிவைத்தேன். தொட்டிமேல் ஏறினேன். ஆம்புலன்ஸ் தேன்கனிக்கோட்டையிலிருந்து வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். டாக்டரின் போன் ஸ்விட்ச் ஆஃப். இறங்கி அவள் மூச்சைப் பார்ப்பேன், மறுபடி ஏறுவேன்...

"மருந்து இருக்குதுங்களா?" என்றார் சிவண்ணா.

"இருக்குதுங்க."

"அப்ப போடுங்க நர்சம்மா."

"டாக்டர் சொல்லணுங்க..."

"எங்களுக்கு நீங்கதானேங்க டாக்டரு."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மறுபடி தொட்டிக்கு ஓடினேன்.

ஐம்பது நிமிடம் கழித்து டாக்டர் எடுத்தார். பதறிப்போனார். "இன்னும் போடலையா சிஸ்டர்? உடனே ஆரம்பிங்க! இதுக்குமா என்னைக் கேப்பீங்க?"

போட்டேன். ஆம்புலன்ஸ் வந்ததும் நானும் ஏறிக்கொண்டேன். மலை வளைவுகளில் அவள் மூச்சு அடங்க ஆரம்பித்தது. பலூன் பையை அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டே போனேன். சிவண்ணா அவள் காலைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார்.

தேன்கனிக்கோட்டை வருவதற்குள் போய்விட்டாள்.

யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. உத்தரவு வந்த நேரம், மருந்து ஏற்றிய நேரம்... கேஸ் ஷீட்டில் எல்லாம் சரியாக இருந்தது.

அடுத்த மாதம் குழந்தைக்குத் தடுப்பூசி போட சிவண்ணா வந்தார். போட்டு முடித்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வந்த ஒடனே போட்டிருந்தா பொழச்சிருப்பாளாங்க?"

"தெரியலீங்க," என்றேன். நிஜமாகவே தெரியாது. ஆனால் மெமோவுக்கு எழுதிக் கொடுத்த அந்தத் தாளைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"நீங்க கூடவே வந்தீங்க, அது போதும்," என்று கும்பிட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறு வருடமே வேலையை விட்டேன். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் இருக்கிறேன். விரல் வெட்டு, தலைவலி, மயக்கம்... அழைத்தால் இரண்டு நிமிடத்தில் டாக்டர் வீடியோவில் வந்துவிடுவார்.

போன வாரம், என் பழைய இடத்தில் இப்போது வேலை செய்யும் பெண் பேசினாள். ஊருக்கு டவர் வந்துவிட்டதாம். பாம்புக்கடிக்கு எந்த அறிகுறி தெரிந்தால் நர்ஸே மருந்தை ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாராம்.

"ஒரு பெரியவருக்கு இமை தொங்கிடுச்சுக்கா. நானே ஆரம்பிச்சேன், அப்புறம்தான் போன் பண்ணேன். இப்ப நல்லா இருக்காரு. யாரும் ஏன்னு கேக்கலக்கா."

அவள் குரலில் துளி பயமில்லை. அன்று எனக்கும் அவள் வயதுதான்.

"ரொம்ப சந்தோஷம்மா," என்றேன். சந்தோஷம்தான். போனை வைத்த பிறகு, கொஞ்ச நேரம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.