செருப்பைக் கழற்றியவருக்குத்தான் ஷாக் அடித்தது

1. ஸ்டெரிலைசர்

"சாமி, இந்தப் பொட்டியத் தொட்டா சுர்ருன்னு இழுக்குதுங்க" என்று பாப்பாத்தி அக்கா சொன்னபோது, அந்தக் கட்டடத்தின் மின்சாரம் பாதுகாப்பானது என்று நான் கையெழுத்துப் போட்டு நான்கு நாள் ஆகியிருந்தது.

கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பக்கம், ஓர் அறக்கட்டளை புதிதாகக் கட்டிய பிரசவ வார்டு. மின் இணைப்புகளைச் சோதித்து, ஓடவிட்டு, ஒப்படைப்பது என் வேலை. மறுநாள் திறப்பு விழா. அக்கா அங்கே துப்புரவுப் பணிக்குச் சேர்ந்திருந்தார். அவர் சொன்ன பெட்டி, கத்தி கத்தரிக்கோலைக் கொதிக்க வைக்கும் ஸ்டெரிலைசர்.

நான் தொட்டேன். ஒன்றுமில்லை. காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் தங்கவேலுவும் தொட்டார். ஒன்றுமில்லை.

"ஏனுங்கக்கா, காலைல சாப்ட்டீங்களா இல்லீங்களா? பசியில கை நடுங்கியிருக்கும்" என்று சிரித்தார்.

"நல்லாத்தானுங்க தின்னேன். நீங்க பூட்ஸக் கழட்டிப்போட்டுட்டு வந்து தொடுங்க பாக்கலாம்."

அப்போதுதான் கீழே பார்த்தேன். மலையில் கோயிலானாலும் ஆஸ்பத்திரியானாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். கழுவிய ஈரத் தரையில் அக்கா வெறுங்காலோடு நின்றிருந்தார். எங்கள் கால்களில் ரப்பர் அடி வைத்த சேஃப்டி ஷூ. இதுவரை சோதித்த அத்தனை பேர் காலிலும் அதேதான்.

ஸ்டெரிலைசரின் உடம்புக்கும் ஈரத் தரைக்கும் இடையே மீட்டரை வைத்தேன். எழுபது வோல்ட்; ஈரத் தரையில் உயிரைப் பறிக்க அது போதும்.

2. எட்டுக் குடம்

கசிவுக்கு இரண்டு காவல் உண்டு. ஒன்று, கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் பிட். இன்னொன்று, கசிந்தவுடன் சப்ளையைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. போர்டைத் திறந்தால், ஈ.எல்.சி.பி.யைத் தாண்டி ஓர் ஒயரைப் போட்டு நேராக இணைத்திருந்தார்கள். நான் சோதித்துவிட்டுப் போன பிறகு செய்த வேலை.

"அது சும்மா சும்மா ட்ரிப் ஆச்சுங்க சார். விழா நடக்கறப்ப கரண்ட் போனா நமக்குத்தான அசிங்கம்?" என்றார் தங்கவேலு.

அது சும்மா ட்ரிப் ஆகவில்லை. கசிகிறது, கசிகிறது என்று கத்தியிருக்கிறது. இவர்கள் வாயைக் கட்டிவிட்டார்கள்.

மெயினை அணைத்துவிட்டு எர்த் பிட்டுக்கு ஓடினேன். நான் எழுதிய ரீடிங் நான்கு ஓம். இன்று முப்பத்தெட்டு; இவ்வளவு தடை இருந்தால் கசிவு மண்ணுக்குள் இறங்காது. பின்னாலேயே வந்த அக்கா சொன்னார்:

"அன்னிக்கு நீங்க வர்றதுக்கு முந்தி இந்த சூப்பர்வைசரு எட்டுக் கொடம் தண்ணி ஊத்தச் சொன்னாருங்க. உப்பும் ஒரு மூட்டை கொட்டுனாங்க. செடியா வெச்சிருக்காங்க, இதுக்கு எதுக்குத் தண்ணின்னு நெனச்சேன்."

கீழே பாறை. ஆழமாகத் துளை போட வேண்டிய இடத்தில் மேலாகக் குழி தோண்டி, சோதனையில் ரீடிங் குறைவாகக் காட்டட்டும் என்று அன்றைக்கு மட்டும் நனைத்திருக்கிறார்கள். ஈர மண்ணைப் பார்த்த நான் மலையில் மழை பெய்திருக்கும் என்று எண்ணினேன். ஒருவரையும் கேட்கவில்லை. அது என் தப்பு.

"எழுதப் படிக்கத் தெரியாத பொம்பள பேச்சக் கேட்டு விழாவ நிறுத்துவீங்களா சார்? செருப்புப் போட்டுக்கச் சொன்னா முடிஞ்சுது!" என்றார் தங்கவேலு.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"எங்கம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாதுங்க. புள்ள பெக்க வர்றவங்களும் செருப்போடதான் படுக்கணுங்களா?"

3. அடித்த வரி

எங்கள் கம்பெனி மேனேஜரைப் போனில் அழைத்தேன்.

"தம்பி, ரிப்போர்ட்ல உன் கையெழுத்து இருக்கு. தப்புன்னு நீயே எழுதினா அடுத்த சைட்டுக்கு உன்ன யாரு கூப்பிடுவா?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இந்தச் சம்பளத்தை நம்பித்தான் வீடு ஓடுகிறது.

"நாளைக்கு யாராவது செத்தாலும் அதே கையெழுத்துதான சார் இருக்கும்?" என்றேன். அவர் இணைப்பைத் துண்டித்தார்.

என் ரிப்போர்ட் செல்லாது என்று எழுதி, மெயினைப் பூட்டி, சாவியை நானே வைத்துக்கொண்டேன். விழா தள்ளிப்போனது. பாறையைத் துளைத்துப் புது எர்த் போட்டு, ஸ்டெரிலைசரில் கசிந்த ஹீட்டரை மாற்றி, ஈ.எல்.சி.பி.யை மீண்டும் இணைக்க மூன்று வாரம் ஆனது.

புது ரிப்போர்ட்டில், "கசிவை முதலில் கண்டறிந்தவர்: பாப்பாத்தி, துப்புரவுப் பணியாளர்" என்று எழுதினேன். "டெக்னிக்கல் ரிப்போர்ட்ல இதெல்லாம் வராது" என்று மேனேஜர் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார்.

ஏன் வராது? புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ரீடிங் எடுக்குமுன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் காய்ந்தபின் மறுபடி எடுங்கள். ட்ரிப் ஆகும் சுவிட்சை நம்புங்கள். அந்த அறையில் தினமும் நிற்கப்போகிறவரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்டுவிட்டு, அவர் பெயரையும் எழுதுங்கள். எத்தனை பேர் அந்த வரியை அடிக்கிறார்கள், பார்த்துவிடலாம்.