தொட்டியடியில் கிடந்த புலிக்கல்

போன வருடம் மாசி மாதம், காரமடையைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகும் வழியில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. எனக்கு எழுபத்தைந்து வயதாகிறது. பீளமேட்டில் ஒரு கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் சரித்திரம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன். நான் சரித்திர வாத்தியார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் நான் செய்தது எவ்வளவு மோசம் என்று உங்களுக்குப் புரியும்.

எங்கள் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால், மோட்டார் ரூமை ஒட்டி ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. சாளை கட்டிய வருடமே கட்டிய தொட்டி. அதன் பக்கத்தில் துணி துவைக்க ஒரு பலகைக் கல். ஆள் உயரத்தில் முக்கால் பங்கு நீளம் இருக்கும். முப்பத்தைந்து வருடம் அதன் மேல்தான் எங்கள் வீட்டுத் துணியெல்லாம் துவைத்தோம். நானும் தினம் காலையில் அதன் மேல் நின்றுதான் குளித்தேன்.

தொட்டி விரிசல் விட்டுக் கசிய ஆரம்பித்ததால் இடித்துவிட்டு வேறு கட்டலாம் என்று பொக்லைன் வரச் சொன்னேன். ஓட்டிய ஆள் நல்ல பேச்சுக்காரர். தொட்டியை நொறுக்கிய கையோடு பக்கெட்டை அந்தக் கல்லுக்கு அடியில் கொடுத்து நிமிர்த்தினார். அடியில் சிமெண்ட் இல்லை. ஒரு சாண் ஆழத்துக்கு ஆற்று மணல்தான் இருந்தது.

“ஏனுங்க, கல்லுக்கு யாரோ மெத்தை போட்டுப் படுக்க வெச்ச மாதிரி மணல் விரிச்சிருக்குதுங்க” என்று சிரித்தார். கல் புரண்டு வெயிலில் விழுந்தது. அதில் ஒட்டியிருந்த மணல் பொலபொலவென்று உதிர்ந்தது.

உள்ளே ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான்.

பக்கவாட்டில் முடிந்த கொண்டை. இடுப்பில் கச்சை. அவன் மேல் முன்னங்கால்களைத் தூக்கி வைத்துப் பாயும் புலி. அவன் கையிலிருந்த ஈட்டி அதன் வயிற்றில் இறங்கியிருந்தது. காலடியில் சின்னதாக ஒரு மாடு. புலிக்குத்திக் கல். மாட்டுப் பட்டிக்குள் நுழைந்த புலியோடு மல்லுக்கட்டி உயிரை விட்ட ஒருவனுக்கு எப்போதோ எடுத்த கல். இந்தப் பக்கத்து ஊர்களில் அங்கங்கே இருக்கிற இந்தக் கற்களைப் பற்றி வருடாவருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அவன் மூக்குக்கூட மழுங்கவில்லை.

பொக்லைன்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, “நேத்து வரைக்கும் இந்தச் சாமி முதுகுலயா வேட்டி தொவச்சீங்க?” என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

அன்று சாயங்காலமே என் பழைய மாணவர் ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் பத்திரிகையில் இருக்கிறார். மறுநாள் துடியலூரிலிருந்து ஒரு நிருபரும் போட்டோக்காரரும் வந்தார்கள். அதற்குள் கல்லைக் கழுவிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். தோட்டத்தில் மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது என்று சொன்னேன். துவைக்கும் கல் என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்று எழுதலாம், ஆனால் அது பொய். சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்துதான் சொல்லாமல் விட்டேன். கல்லின் மேல் கை வைத்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். ஓய்வு பெற்ற பேராசிரியர் கண்டுபிடித்த அரிய நடுகல் என்று படத்தோடு வந்தது. அருங்காட்சியகத்திலிருந்து பேசினார்கள், அடுத்த திங்கட்கிழமை வண்டி அனுப்புவதாக. கண்டெடுத்தவர் என்று என் பெயரைப் பலகையில் போடுவார்களா என்று கேட்டேன். போடுவோம் என்றார்கள்.

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்தின்போது, எங்கள் ஊர் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுதினேன். அப்போது எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவரின் மனைவி என்னிடம் வந்து, தங்கள் முன்னோர் ஒருவர் பட்டியைக் காவல் காத்துப் புலியிடம் செத்தவர் என்றும், அவருக்கு ஒரு கல் உண்டு என்றும், அதையும் எழுத வேண்டும் என்றும் கேட்டார். அவர்கள் பரம்பரையாகப் பண்ணை வேலை செய்தவர்கள். கல் இப்போது எங்கே என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “இருக்குதுங்க, இங்கதான்” என்றார். இங்கே என்றால் எங்கே என்றேன். பேசாமல் நின்றார். அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா, ஆதாரம் வேண்டும் என்று சிரித்து அனுப்பிவிட்டேன். ‘இவ்வூரில் நடுகல் எதுவும் இல்லை; இருந்ததாகச் சிலர் கூறுவதற்கு ஆதாரமில்லை’ என்று புத்தகத்தில் எழுதினேன். அந்த வாக்கியத்தை ரசித்து எழுதினேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது.

செய்தி வந்த மூன்றாம் நாள் காலையில் அந்த அம்மா வந்தார். கணவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. அவருக்கும் என் வயதுதான் இருக்கும். கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு. மருமகன் பேப்பரைப் படித்துச் சொன்னாராம்.

நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நானும் மனதுக்குள் பதிலைத் தயார் செய்துகொண்டேன். நீ அன்றைக்குச் சொன்னது சரிதான் அம்மா, நான்தான் கவனிக்கவில்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த மனிதனின் முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல, “அவரு சொன்னபடியே மூஞ்சி அப்படியே இருக்குதுங்க” என்றார்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

“எங்கூட்டுக்காரருங்க. அவருதானுங்களே இதைக் கொண்டாந்து கவுத்துப் போட்டது.”

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. அவர் மெதுவாகச் சொல்லச் சொல்லத்தான் எல்லாம் திரும்பி வந்தது. தொட்டி கட்டிய சமயத்தில் துவைக்க ஒரு கல் வேண்டியிருந்தது. வண்டிப்பாதை ஓரக் கிளுவை வேலிக்குள் ஒரு பலகைக் கல் சாய்ந்து கிடந்தது. எங்கள் தோட்டத்துப் பக்கமிருந்து பார்த்தால் அதன் முதுகு மட்டும்தான் தெரியும். அதை எடுத்துப் போடு என்று அவர் கணவரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அது வேண்டாமுங்க, வேற நல்ல கல்லாக் கொண்டாறனுங்க என்றார். சொன்னதைச் செய் என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்கப் பத்தடி நடந்திருந்தால் போதும். நடக்கவில்லை. அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்கவும் இல்லை. கல்லைப் போட்ட பிறகு, மறுபக்கம் வழவழப்பாக இருந்தால் அதை மேலே வைக்கக் கூடாதா என்று கேட்டேன். இந்தப் பக்கந்தான் வழுக்காதுங்க என்றார். அதையும் நான் மறக்கவில்லை. நினைக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை, உங்களுடைய சாமி என்று சொல்லியிருந்தால் நான் எடுத்திருப்பேனா என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரலில் கோபம் இருந்தது. தப்பு செய்தவனுக்கு வரும் கோபம்.

அவர் நிதானமாகச் சொன்னார். “வேண்டாம்னு சொன்னதுக்கே உங்க மூஞ்சி மாறிப்போச்சுன்னு சொன்னாருங்க. நான் போடாட்டி வேற ஆளை வெச்சுப் போடுவாங்க, அவன் மூஞ்சியை மேல வெச்சுப் போட்டான்னா அத்தனை பேரும் அதுமேல மிதிப்பாங்கன்னு, ஆத்து மணலை அள்ளிக் கொட்டி, அவரே கவுத்துப் போட்டாருங்க. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து சோறு திங்கலீங்க.”

சொம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றிக்கொண்டே தொடர்ந்தார்.

“வருசா வருசம் பட்டிப் பொங்கலன்னைக்கு இதுக்குத் தண்ணி ஊத்தோணுமுங்க. அதான் உங்க தொட்டிக்கு வந்து குடிக்கத் தண்ணி கேட்டேன்.”

என் மனைவி அப்போதுதான் வெளியே வந்து நின்றாள். அவளும் கேட்டாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மாட்டுப் பொங்கலை நாங்கள் பட்டிப் பொங்கல் என்போம். அன்று அந்த அம்மா வருவது எங்களுக்கு வழக்கமாகிவிட்ட ஒன்று. தொட்டியடியில் நின்று தண்ணீர் கேட்பார். அவர்களுக்கென்று எங்கள் வீட்டில் தனியாக ஒரு தம்ளர், தொட்டி மேட்டிலேயே கவிழ்ந்திருக்கும். அதையும் எழுதிவிடுகிறேன். அதில் மொண்டு ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியைக் கல்லின் மேல் ஊற்றிக் கையால் தேய்த்துக் கழுவுவார். வேலை செய்து பழகிய கை சும்மா இருக்காது என்று என் மனைவி சொல்வாள். பிறகு இலையில் பொங்கல் கொடுப்போம். வாங்கிக்கொண்டு போவார். எங்கள் வீட்டுப் பொங்கலுக்காக வருகிறார் என்றே முப்பத்தைந்து வருடமும் நினைத்திருந்தோம்.

கணவர் போன பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றேன். இந்த முறை கோபம் இல்லை.

“நீங்க புத்தகத்துல இல்லைன்னு போட்டுட்டீங்க. அதுக்கப்புறம் நான் சொன்னா, எங்கூட்டுக்காரரு சாமியைத் திருடிப் பொதச்சாருன்னுதானுங்களே ஆகும்? செத்த மனுசன் மேல எதுக்குங்க பழி?” என்றார். பிறகுதான் வந்த விஷயத்தைக் கேட்டார். “மியூசியத்துக்குப் போறதாப் பேப்பர்ல போட்டிருக்குதாமா. அங்க போயிட்டா நான் எங்கீங்க போய்த் தண்ணி ஊத்தறது?”

அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மன்னிப்பு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை என்பது தெரிந்ததும் மூடிக்கொண்டேன். கல் எங்கேயும் போகாது என்று மட்டும் சொன்னேன்.

அதற்கு ஒரே வழி உண்மையைச் சொல்வதுதான். இது மண்ணுக்குள் கிடைத்த பொருள் இல்லை. ஒரு குடும்பம் இன்றுவரை கும்பிடுகிற கல். அதை இடம் மாற்றித் துவைக்கப் போட்டவன் நான். இன்ன இடத்தில் இருந்தது என்று தெரிந்திருந்தவர்கள் அவர்கள். இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அருங்காட்சியகத்துக்கும் பத்திரிகைக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அருங்காட்சியக அதிகாரி படித்துவிட்டு என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். வழிபாட்டில் இருக்கும் கல்லை எடுக்க மாட்டோம், குறித்துக்கொண்டு போகிறோம் என்றார். பத்திரிகையில் என் கடிதம் வரவில்லை. என் படம் வந்ததோடு சரி. புத்தகத்தின் மீதமிருந்த பிரதிகளை எடுத்து, அந்த வாக்கியத்தை ஒவ்வொன்றிலும் பேனாவால் அடித்தேன். விற்றுப்போனவற்றில் அது அப்படியே இருக்கிறது.

கிளுவை வேலியைப் பத்தடி உள்ளே தள்ளிப் போட்டு, வண்டிப்பாதையிலிருந்து நேராகப் போய்வர வழி விட்டேன். அவர்கள் வீட்டு ஆட்களே வந்து கல்லைப் பழைய இடத்தில் நட்டார்கள். நானும் ஒரு கை பிடிக்கப் போனேன். மருமகன், “நீங்க தள்ளி நில்லுங்க, கால்ல கீது உழுந்துபோடும்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். தள்ளி நின்றேன்.

இந்தத் தை மாதம் பட்டிப் பொங்கல் வந்தது. என் மனைவி தனித் தம்ளரைத் தூக்கிப் போட்டுவிட்டு, கூடத்தில் நாற்காலி எடுத்துப் போட்டு, பொங்கலை இலையில் வைத்துக் காத்திருந்தாள். நான் வாசலில் நின்றேன். அந்த அம்மா பாதையில் வந்தார். கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார், மஞ்சள் வைத்தார், கும்பிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, “வாரனுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

முப்பத்தைந்து வருடத்தில் அவர் ஒரு நாளும் எங்கள் வீட்டுக்கென்று வந்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வகுப்பில் எத்தனையோ பேருக்கு ஆதாரம், ஆதாரம் என்று சொல்லிக் கொடுத்த நான், அதன் மேல் நின்றுகொண்டே குளித்திருக்கிறேன் என்பதை இன்றும் காலையில் தலையில் முதல் சொம்புத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.